வெளிநாடு திரும்பிய பிள்ளையின் பெட்டி வரவில்லையா? ஊரிலிருந்தே உதவலாம்

கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும் நாட்களில் பல வீடுகளுக்கு அந்த போன் வருகிறது: “அம்மா, ஒரு பெட்டிதான் வந்திருக்கு.” ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடந்ததற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று பெற்றோர் கையைப் பிசைகிறார்கள். செய்ய நிறையவே இருக்கிறது.

மகள் டல்லாஸில் இறங்கிவிட்டாள். கைக்குழந்தையோடு களைப்பாக இருக்கிறாள். வீட்டுக்குப் போய்ப் புகார் செய்தால் போதாதா?

போதாது. பெல்ட் அருகிலுள்ள பேக்கேஜ் கவுன்ட்டரில் புகாரைப் பதிந்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். பி.ஐ.ஆர். எனப்படும் அந்தப் புகாருக்குப் பத்து எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு ஒன்று தருவார்கள். பெட்டியைத் தேடுவது அதை வைத்துத்தான். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த பேக்கேஜ் டேக் சீட்டையும் புகார்த் தாளையும் படமெடுத்து உடனே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி ஒப்படைப்பதே பொதுவான நடைமுறை. அங்கே பெட்டி கைக்கு வந்ததா, இல்லையா? தேடலை எங்கே தொடங்குவது என்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

சென்னையில் ஏறியது ஒரு கம்பெனி, டல்லாஸில் இறங்கியது வேறு கம்பெனி. ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

ஒரே டிக்கெட் என்றால் கடைசியாக ஏற்றிவந்த நிறுவனத்திடம் புகாரைப் பதியுங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், யார் கையில் இருந்தபோது பெட்டி தொலைந்ததோ அந்த நிறுவனம் ஆகிய எவரிடமும் இழப்பீடு கேட்கலாம். இந்தியாவில் இது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நாங்கள் இங்கிருந்து செய்ய என்ன இருக்கிறது?

பெட்டியைக் கட்டியது யார்? பெரும்பாலும் அம்மாதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது மகளைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். டேக் கிழிந்துபோன பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் பொருட்களைப் புகாரோடு ஒப்பிட்டுத்தான் உரியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது “துணிமணிகள்” என்று எழுதிய பட்டியல் ஒன்றுக்கும் உதவாது.

என் தம்பி மனைவி மெல்போர்ன் திரும்பியபோது இப்படித்தான் ஒரு பெட்டி காணாமல் போனது. அவள் எழுதித் தந்ததெல்லாம் புடவை, குழந்தை உடை, மசாலாப் பொடி. அதுபோல நூறு பெட்டிகள் இருக்கும். மூன்றாம் நாள் என் அம்மா போனில் சொன்னார்: “கைப்பிடியில செப்புக் கம்பி சுத்தின பித்தளை முறுக்கு அச்சு, பச்சை டர்க்கி டவல்ல சுத்தி வச்சிருக்கேனே!” அதைப் புகாரில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்தது. முறுக்கு அச்சைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டதாம்.

அதனால் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டியின் நிறம், பிராண்டு, எத்தனை சக்கரம், எந்த மூலையில் கீறல், கைப்பிடியில் கட்டிய ரிப்பன். உள்ளே வேறெவர் பெட்டியிலும் இருக்க வாய்ப்பில்லாத நாலு பொருள். புடவைக் கடை பில், வீட்டில் எடுத்த படம் எல்லாவற்றையும் தேடி அனுப்புங்கள். பெட்டிக்குள் ஏர்டேக் இருந்தால், அது காட்டும் இடத்தை விமான நிறுவனத்தோடு பகிரும் வசதியும் ஐபோனில் வந்திருக்கிறது.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இப்போதைய உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ஏறத்தாழ 2,000 டாலர். இது 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. வரம்புதானே தவிர, கேட்டதும் கொடுக்கும் தொகை அல்ல. இழப்பைக் கணக்குக் காட்ட வேண்டும். பெட்டி வரும்வரை வாங்கிய மாற்றுடை, குழந்தைக்கான பொருட்கள் ஆகியவற்றின் ரசீதையும் இதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்.

வர வேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். தாமதமாக வந்து சேர்ந்தால், கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்துமூலம் கோர வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். கூடுதல் பெட்டிக்குக் கட்டணம் கட்டியிருந்தால், 12 மணி நேரத்துக்கு மேல் பறந்து அமெரிக்கா போகும் விமானத்தில் 30 மணி நேரத்துக்குள் பெட்டியை ஒப்படைக்காதபோது அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

நகை, பணம், மருந்துச் சீட்டு இவையெல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். பல நிறுவனங்கள் நகைக்குப் பொறுப்பேற்பதில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

எக்ஸ் தளத்தில் புகார் எழுதினேன். ‘கஸ்டமர் கேர்’ என்று ஒருவர் நம்பர் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். விமான நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, பெட்டி தொலைத்தவர்களையே தேடிப் பிடிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. பணம் திருப்பித் தருகிறோம் என்று ஓ.டி.பி. கேட்டால் அது மோசடியேதான். போர்டிங் பாஸ் படத்தைப் பொதுவெளியில் போடவே கூடாது.

மகன் சென்னைக்கு வந்தான், பெட்டி வரவில்லை. அவன் திரும்பிப் போன பிறகு நாங்கள் வாங்கலாமா?

பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனத்திடம் சான்று வாங்கி, வரியில்லாமல் கொண்டுவரும் சலுகையில் எவ்வளவு மிச்சம் என்று குறித்து, சுங்க அதிகாரியின் மேலொப்பமும் மகன் இறங்கிய அன்றே பெற வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் பெட்டிக்கு அந்தச் சலுகையைக் கேட்பது சிரமம். நீங்கள் போய் வாங்குவதானால் மகன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், அவனது பாஸ்போர்ட் நகல், உங்கள் அடையாள அட்டை மூன்றும் எடுத்துச் செல்லுங்கள். சுங்கத்தில் திறக்கச் சொன்னால் கையைக் கட்டி நிற்க நேரும். பெட்டிச் சாவியை அவன் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.