தூத்துக்குடியில் மின்சார கார் வாங்கினால் கட்டுப்படியாகுமா? பெட்ரோல் பில்லும் கரண்ட் பில்லும் சொல்லும் கணக்கு

2025 ஆகஸ்ட் 4-ம் தேதி, தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின்சார கார் ஆலையை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சுமார் 400 ஏக்கர் பரப்பு, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் தயாரிக்கும் திறன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இடத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் கார் வெளியே வந்தது, ஊர்க்காரர்களே எதிர்பார்க்காத வேகம். அதன்பிறகு கார் வாங்கும் பேச்சு வரும் வீடுகளில் ஒரு கேள்வி கட்டாயம் எழுகிறது: "நம்ம ஊரு வண்டிதாம்ல, எடுக்கலாமா?"

முதலில் ஒரு தெளிவு. ஆலை பக்கத்தில் இருப்பதால் விலை குறையப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை இங்கே பொருத்துகிறார்கள். துறைமுகம் அருகே ஆலை அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது விஎஃப்6 மாடலின் ஷோரூம் விலை 16.49 லட்சம் ரூபாயில் தொடங்கியது. ஆகவே ஊர்ப்பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு, எந்த நிறுவனத்தின் மின்சார காராக இருந்தாலும் கணக்கை மட்டும் பார்ப்பதுதான் சரி.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால்?

மில்லர்புரத்தில் சொந்த வீடு, ஹார்பர் பக்கம் வேலை, வாரக் கடைசியில் திருச்செந்தூர் அல்லது திருநெல்வேலி. இப்படி ஒருவருக்கு மாதம் 1,000 கிலோமீட்டர் எளிதாக ஓடிவிடும். நடுத்தர அளவு பெட்ரோல் எஸ்யூவி, ஊருக்குள்ளும் வெளியிலும் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 100 ரூபாய் என்ற முழு எண்ணிலேயே கணக்குப் போட்டாலும், இரண்டு மாதத்துக்கு 14,300 ரூபாய் பங்க்கில் போகிறது.

அதே அளவு மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "100 யூனிட் ஃப்ரீ, மிச்சம் அஞ்சு ரூபாய்க்குள்ளதானே" என்று நினைத்துவிட்டால் பில் வரும்போது தூக்கிவாரிப்போடும். தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஏற்கெனவே 350 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் காரும் சேர்ந்தால் 750 யூனிட். அதில் கடைசி 150 யூனிட்டுக்குத் தலா 9.45 ரூபாய். 940 ரூபாயாக இருந்த பில் 4,300 ரூபாய்க்குப் போகும்.

காருக்கான கூடுதல் செலவு 3,360 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.70 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோலில் இது 7 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 65,000 ரூபாய் மிச்சம். ஆயில், கிளட்ச் போன்ற செலவு இல்லாததால் சர்வீஸ் பில்லும் குறையும்.

500 யூனிட் என்ற எல்லைக்கோட்டை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது, ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை பறிபோய்விடுகிறது. காரை மாதம் 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் வீடுகள்தான் இந்தக் கோட்டில் வந்து மாட்டும்.

வாங்கும் விலை

பெட்ரோல் காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி கனமானது. 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். 14 லட்சம் ரூபாய் எஸ்யூவிக்கு வரி மட்டும் 2.5 லட்சம் ரூபாய். மின்சார கார்களுக்கு மாநில அரசு முழு விலக்கு அளித்துவருகிறது. அதனால் ஷோரூமில் 16.5 லட்சம் என்று தெரியும் மின்சார காரும், 14 லட்சம் என்று தெரியும் பெட்ரோல் காரும் ரோட்டுக்கு வரும்போது கிட்டத்தட்ட ஒரே விலை. இந்த விலக்கு காலவரையறை போட்டு நீட்டிக்கப்படுவது என்பதால், புக்கிங் செய்யும் நாளில் அமலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் மனதில் இருப்பது 8 லட்சம் ரூபாய் ஹேட்ச்பேக் என்றால் கதை வேறு. வரியோடு 9 லட்சம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால், அதைவிட்டு 16.5 லட்சம் ரூபாய் மின்சார எஸ்யூவிக்குப் போகிறவர் விலை வித்தியாசத்தை மீட்க 16 ஆண்டுகள் ஆகும். எரிபொருள் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு பெரிய காருக்குத் தாவுவதில் லாபம் எதுவும் இல்லை. 8 முதல் 10 லட்சத்தில் தொடங்கும் சிறிய மின்சார கார்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

மழையும் உப்புக் காற்றும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. பல பகுதிகளில் கரண்ட் வர நாள்கணக்கானது. அப்படி ஒரு வாரத்தில் மின்சார காரை நம்பி இருக்க முடியுமா?

நேர்மையான பதில்: இரண்டு வகைக் காருமே அந்த வெள்ளத்தில் தப்பாது. பெட்ரோல் காரில் தண்ணீருக்குள் என்ஜினை ஸ்டார்ட் செய்தால் என்ஜினே போய்விடும். மின்சார காரின் பேட்டரி பெரும்பாலும் ஐபி67 தரத்தில் மூடப்பட்டது, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். தெருவில் தேங்கிய தண்ணீரைக் கடக்க அது போதும். இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அது உத்தரவாதம் அல்ல, உப்பு கலந்த தண்ணீரில் இன்னும் மோசம். மூழ்கிய காரைச் சார்ஜில் போடவே கூடாது. சர்வீஸ் சென்டருக்கு ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸில் பெட்ரோல் காருக்கு என்ஜின் பாதுகாப்பு, மின்சார காருக்கு பேட்டரி பாதுகாப்பு என்ற ஆட்-ஆன் இந்த ஊரில் ஆடம்பரம் அல்ல. கனமழை எச்சரிக்கை வந்த அன்றே முழு சார்ஜ் ஏற்றி, காரை மேட்டில் நிறுத்திவிடுவது நல்லது.

கரி சுட்டு ஓடும் காரா?

தெர்மல் நகர்க்காரர்கள் கேட்கும் கேள்வி இது. கண்ணெதிரே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்க, மின்சார காரை எப்படிச் சுத்தம் என்பது? தேசிய மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற அளவில் பார்த்தால், கிலோமீட்டருக்கு 140 கிராம். பெட்ரோல் எஸ்யூவியின் புகைக்குழாயில் மட்டும் 165 கிராம் அளவுக்கு வருகிறது. வித்தியாசம் இருக்கிறது, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. கூரையில் சோலார் இருந்தால் மட்டுமே பெரிய மாற்றம். 500 யூனிட் தலைவலிக்கும் அதுவே மருந்து.

வாடகை வீடு என்றால்...

மேலே சொன்ன மிச்சம் எல்லாம் வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்குத்தான். பொது விரைவு சார்ஜர்களில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போவது சாதாரணம், சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. கிலோமீட்டருக்கு 4 ரூபாயைத் தாண்டிவிடும். சென்னைக்கு 600 கிலோமீட்டர் போவதென்றால் வழியில் ஓரிரு முறை அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. தினமும் அதையே நம்பினால் பணமும் நேரமும் போகும்.

சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டால் 30 யூனிட் வரை ஏறும். 150 கிலோமீட்டருக்குப் போதும். ஆனால் அந்த பிளக்குக்குத் தனி வயர், மின் வாரியத்தில் பதிவான லோடு, சரியான எர்த்திங் எல்லாம் வேண்டும். உப்பேறிய கடலோர மண்ணில் பழைய எர்த் கம்பி அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கார் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஓர் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால், அதற்கும் முன்னால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை.