நீலம் நடும் முன்

நாகரசம்பட்டி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் செந்தூரா முந்தி வரும். அல்போன்சா, பங்கனப்பள்ளி அடுத்து. பெங்களூரா லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். மற்ற ரகங்களின் வரத்து குறைகிற ஆனி, ஆடியில் மண்டியில் நிற்பது நீலம். மாவில் பின்பருவ ரகம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பின்பருவத்துக்கு ஏன் மதிப்பு?

காஷ்மீர், இமாசல ஆப்பிளைப் பறித்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. விலை பார்த்து விற்கலாம். மாங்காய்க்கு அது ஒத்துவராது. வெப்பம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோல் கறுக்கும், சரியாகப் பழுக்காது. ஆகவே கிடங்கை நம்பிப் பருவத்தை நீட்ட முடியாது. பின்னால் காய்க்கிற மரம்தான் வேண்டும்.

நல்ல குணங்கள்

நீலம் ஆண்டுதோறும் காய்க்கும். ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்ந்துவிடும் பழக்கம் பல உயர்ந்த ரகங்களுக்கு உண்டு, இதற்கு இல்லை. பழம் நடுத்தர அளவு, மஞ்சள் தோல், நாரில்லாத சதை. தொலைதூரப் பயணத்தையும் தாங்கும். இந்தக் குணங்களுக்காகவே தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தசேரியோடு சேர்த்து, 1970களில் மல்லிகா, ஆம்ரபாலி ரகங்களை உருவாக்கியது. பெரியகுளத்தின் பி.கே.எம். 1, பி.கே.எம். 2 இரண்டுக்கும் நீலம் ஒரு பெற்றோர்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் ‘பையூர் 1’. மரம் குட்டை, அடர்நடவுக்கு ஏற்றது. வழக்கமான 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். 5 மீட்டரில் 160. ஆனால் நெருக்கி நட்டால் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்தே ஆக வேண்டும்.

கெட்ட குணம்

கொட்டை வண்டு நீலத்தை அதிகம் தாக்கும். பிஞ்சு கோலி அளவில் இருக்கும்போது தாய் வண்டு முட்டையிடும். புழு கொட்டைக்குள் போய்விடும். தோலில் பட்ட காயம் ஆறிவிடுவதால் அறுத்தால்தான் தெரியும். அடுத்த பூப்பருவம் வரை வண்டு மரப்பட்டை வெடிப்புகளில் ஒளிந்திருக்கும். மழை பிடித்துவிட்டால் பழ ஈயும் சேரும்.

உதிர்ந்த காய், கொட்டைகளைப் பொறுக்கி அழிப்பதும், அடிமரத்தைச் சுத்தமாக வைப்பதும் வண்டைக் குறைக்கும். ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி கட்டலாம். அது ஆண் ஈக்களை ஈர்த்துக் கொல்லும். பக்கத்துத் தோப்புக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன்.

தோப்பு முழுவதையும் நீலமாக்க வேண்டாம். முன்பருவம், நடுப்பருவத்தோடு ஒரு பங்கு நீலம் வையுங்கள். உதிர்ந்த காயைப் பொறுக்க ஆளில்லாத தோப்புக்கு நீலம் வேண்டவே வேண்டாம்.