மைனஸில் போன நேரம்

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு, ஜொகூரின் மாசாய் உட்படத் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டது. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் என்பது அரசின் முடிவு. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரும் சேர்ந்து மாறியது. அன்றிரவு 11:29க்குத் தொடங்கிய வேலை இரண்டே நிமிடத்தில் முடிந்திருந்தாலும் சுவர்க் கடிகாரம் 12:01 காட்டியிருக்கும். கழித்துப் பார்த்தால் 32 நிமிடம்!

தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும் நிரலிலும் இதே பிழை நுழைந்துவிடுவதுண்டு. தேடல் தொடங்கும்போது ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை மணி பார்த்து நிரல் கழிக்கிறது. கழித்தல் சரிதான், பார்த்த கடிகாரம்தான் தவறு. கணினியில் தேதியும் மணியும் சொல்லும் கடிகாரம் அவ்வப்போது திருத்தப்படும், முன்னும் பின்னும் நகரும். இன்னொரு கடிகாரமும் உள்ளே உண்டு. அதற்குத் தேதி தெரியாது, ஆனால் ஒருபோதும் பின்னே போகாது.

2017 புத்தாண்டு, மலேசிய நேரம் காலை 8 மணி. பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட உலக நேரத்தில் ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்ட தருணம். இணைய முகவரிகளைத் தேடித்தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் மென்பொருள், எந்த சர்வர் விரைவாகப் பதில் தருகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். சில கணினிகளில் கடிகாரம் பின்னே நகர, கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்துவிட்டதாகக் கணக்கானது. கால அளவு மைனஸ்! சுழியம் வந்தால் சமாளிக்க நிரலில் வழி இருந்தது, மைனஸுக்கு இல்லை. நிரல் நொறுங்கியது. 'சுழியத்துக்குச் சமமா' என்ற சோதனையை 'சுழியமோ அதற்குக் கீழோ' என்று மாற்ற ஒரே ஒரு எழுத்துக்குறி போதுமானதாக இருந்தது. பிற்பகல் 2:45க்குள் திருத்தம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

அவசரத்துக்கு அது சரியான மருந்து. ஆனால் நோயின் வேர் கடிகாரத்தில் இருந்தது. அந்த மென்பொருள் எழுதப்பட்ட நிரல்மொழி கோ. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அதன் 1.9 பதிப்பு, கால அளவுக்குப் பின்னே போகாத கடிகாரத்தைத் தானாகவே பயன்படுத்தத் தொடங்கியது. அக்டோபரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 10ஆம் பதிப்பும், வசதியுள்ள கணினிகளில், தேடல் நேரத்தை அளக்க அந்தக் கடிகாரத்துக்கே மாறியது.

லீப் விநாடியை 2035க்குள் கைவிட 2022இல் உலக நாடுகள் முடிவெடுத்துவிட்டன. கணினியின் மணியைத் திருத்தும் வழக்கம் மட்டும் நிற்கப்போவதில்லை. கூலாய், நூசாஜெயா என்று ஜொகூரில் தரவு மையங்கள் எழும்பிவரும் காலம் இது. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், நேரத்தைக் கழிக்கும் வரி எங்கே கண்ணில் பட்டாலும் அது எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று ஒரு முறை சோதித்துவிட வேண்டும்.