உள்ளே புகுந்ததும் உறைந்துபோகும் கணினி

கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே புகும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கின்றது. மேசைத்திரையின் படம் தோன்றுகின்றது. இரண்டொரு சின்னங்களும் வந்து நிற்கின்றன. அப்பால் அம்புக்குறி அசைய மறுக்கின்றது. மூலையிலுள்ள கடிகாரம் 7 மணி 12 நிமிடத்திலேயே நின்றுவிடுகின்றது. விசைப்பலகையை எத்துணை தட்டினும் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இயக்கினால், அதே இடம்வரை ஓடிவந்து மீண்டும் சிலையாகி விடுகின்றது. லினக்ஸில் இயங்கும் மேசைக் கணினி வைத்திருப்போரிற் பலர் ஒருநாளேனும் கண்டிருக்கக்கூடிய காட்சி இது.

செட்டிகுளம் போன்ற ஊர்களிலே இக்காட்சி இனிக் கூடுதலாகவே காணப்படும் என எண்ண இடமுண்டு. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் புதுக் கணினி என்பது எளிய குடும்பங்களுக்கு எட்டாக் கனியாயிற்று. போதாக்குறைக்கு, 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவும் முடிவுற்றது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய பொறியைத் தூக்கியெறிய மனமில்லாதவர்கள் லினக்ஸை நாடுகின்றனர். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அது விலையின்றிக் கிடைக்கின்றது. பழைய பொறியிலும் ஓடுகின்றது. ஆயினும் பழைய பொறிக்குப் பழைய நோய்களும் உண்டல்லவா?

உறைந்த கணினியைக் கண்டவர்கள் உடனே கூறும் வைத்தியம் ஒன்றுண்டு: "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு!" சொல்பவருக்கு இது அரைமணி நேர வேலை. வீட்டாருக்கோ அப்படியன்று. வன்னிக் குடும்பங்கள் பலவற்றிலே 2009ஆம் ஆண்டுக்கு முந்திய புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, இறுதியில் இதே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கவேண்டி நேர்ந்தபோது, கையிலே பெட்டியின்றி வந்தவர்களே அதிகம். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதன்பின் வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பிரதிகளைக் கொண்டு, இறந்துபோன தாத்தாவின் முகத்தை மீண்டும் வீட்டிற்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு. அத்தகைய படங்களும், உயர்தரப் பரீட்சைக்கு எழுதும் பிள்ளையின் இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் ஒரே வட்டில் இருக்கும்போது, "அழித்துப் போடு" என்பது வைத்தியமாகுமா? என் கருத்திலே அது நோயினும் கொடியது. பெரும்பாலான உறைவுகளிலே வட்டிலுள்ள கோப்புகளுக்கு எவ்விதப் பழுதும் நேர்ந்திருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே முதற் காரியம் நோயை ஆராய்வதன்று, பொருளைக் காப்பதே. வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் பதிவு செய்த பென் ட்ரைவ் ஒன்றைத் தயார்செய்து, அதிலிருந்தே நோயுற்ற பொறியை இயக்கலாம். நிறுவும்படி அது கேட்கும். கேட்டாலும் இசையாமல், "நிறுவாமல் சோதித்துப் பார்" என்னும் வழியையே தெரிந்துகொள்ளுக. திரை வந்ததும் பழைய வட்டைத் திறந்து, படங்களையும் பாடங்களையும் வேறொரு வட்டிற்குப் பிரதிசெய்துவிடுக. இந்த ஒரே செயலால் ஒரு பரிசோதனையும் தானாகவே நடந்து முடிகின்றது. பென் ட்ரைவிலிருந்து ஒருமணி நேரம் ஓடியும் பொறி உறையவில்லையாயின், குற்றம் பெரும்பாலும் வட்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோதான். அங்கும் உறைந்ததாயின் உறுப்புகளையே சந்தேகிக்க வேண்டும்.

இனி, உள்நுழையும்வரை நன்றாயிருந்தது நுழைந்ததும் கெடுவானேன் என்று பார்ப்போம். கடவுச்சொல் கேட்கும் திரையிலே பொறிக்கு வேலை மிகக் குறைவு. உள்ளே புகுந்த கணத்திலோ பல காரியங்கள் ஒருங்கே தொடங்குகின்றன. நிழலும் ஒளியும் கொண்ட சாளரங்களை வரையும்படி வரைகலை அட்டைக்குக் கட்டளை போகின்றது. பயனரின் சொந்த அமைப்புக் கோப்புகள் வாசிக்கப்படுகின்றன. தானாய்த் தொடங்கும் செயலிகள் விழித்தெழுகின்றன. கோப்புகளுக்கு அட்டவணை எழுதும் செயலியும் வட்டைத் துழாவ ஆரம்பிக்கின்றது. மின்சாரமும் அப்போதுதான் மிகுதியாக இழுக்கப்படுகின்றது. எனவே, நுழைந்தபின் உறையும் பொறியில் இவற்றுள் ஒன்றே குற்றவாளி என ஊகிக்கலாம்.

அடுத்த கேள்வி: பொறி இறந்துவிட்டதா, அன்றிப் படம் மாத்திரம் நின்றுவிட்டதா? கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பார்க்க. விளக்கு எரிந்து அணையுமாயின் உயிர் உள்ளது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப் 3 விசையைத் தட்டினால் கறுத்த திரையொன்று வந்து பெயர் கேட்கக்கூடும். வந்தால் பாதி வெற்றி. கருநிரல் நன்றாயிருக்கின்றது, வரைகலைப் பகுதியே நோயாளி. ஒன்றும் வராவிடினும் உடனே மின்சாரத்தைப் பிடுங்க வேண்டாம். ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, எஸ், யு, பி என்னும் எழுத்துகளைச் சற்று இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாய்த் தட்டுக. முதலாவது, எழுத மீந்திருப்பதை வட்டில் எழுதச் செய்யும்; இரண்டாவது, வட்டை எழுதமுடியாதபடி பூட்டும்; மூன்றாவது பொறியை மீள இயக்கும்.

கறுத்த திரை கிடைத்தவர்கள் இரண்டு காரியங்களை அங்கேயே பார்த்துவிடலாம். 'டி.எஃப். -எச்' என்ற பொருளில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்று தெரியும். வட்டு முழுதும் நிரம்பிவிட்டால் மேசைத்திரை தன் சிறு குறிப்புகளைக்கூட எழுத முடியாமல் திணறும். ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை நூற்றுக்கு 5 பங்கு இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கின்றது. அதனாலேதான் இந்நிலையிலும் கறுத்த திரைவழி புகுந்து தேவையற்றதை நீக்க முடிகின்றது. மற்றையது முந்திய இயக்கத்தின் நாட்குறிப்பு. 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்னும் கட்டளை அதைத் திறந்து காட்டும். கடைசிப் பக்கத்திற்குச் சென்று, உறைந்த நிமிடத்திற்குச் சற்று முன் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று பார்க்க வேண்டும். வட்டின் பெயரோடு வாசிப்புப் பிழைகள் வரிசையாக நின்றால் வட்டு முடிவை நெருங்குகின்றது. வரைகலைச் சாரதியின் பெயர் வந்தால் வழி வேறு.

குறிப்பேட்டின் அருமையை அறிய விரும்பும் மாணாக்கர் செவ்வாய்க் கிரகம்வரை செல்லலாம். 1997 ஜூலை 4ஆம் நாள் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாளில் அடிக்கடி தானே மீளத் தொடங்கலாயிற்று. அது லினக்ஸன்று, வேறு முறைமை. பொறியியலாளர்கள் ஊகத்திலே காலங்கழிக்கவில்லை. பூமியிலிருந்த அதன் இரட்டைப் பொறியில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்தபடி ஓடவிட்டு, அதே கோளாறு தோன்றும்வரை காத்திருந்தனர். முக்கியம் குறைந்த வேலையொன்று, முக்கியமான வேலைக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு விடாமலிருந்தமை வெளிப்பட்டது. திருத்தம் இங்கிருந்தே அனுப்பப்பட்டது.

நம் வீட்டுப் பொறிக்குத் திரும்புவோம். புதிய பயனர் கணக்கொன்றை உண்டாக்கி, அதன்வழி நுழைந்து பார்ப்பது மிக நல்ல சோதனை. அங்கே உறையவில்லையேல் உறுப்புகள் குற்றமற்றவை. பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளோ தானாய்த் தொடங்கும் செயலியோதான் காரணம். அங்கும் உறைந்தால், பொறி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்திய கருநிரலைத் தெரிந்து இயக்குக. புதுப்பித்த மறுநாளே தொடங்கிய நோய் பெரும்பாலும் இதிலே தீரும்.

நினைவகம் 2 அல்லது 4 கிகாபைட் மாத்திரம் உள்ள பொறிகளின் கதை தனி. உலாவி தன் பழைய பக்கங்கள் இருபதையும் ஒருங்கே திறக்கும்; நினைவகம் போதாது; பொறி வட்டையே நினைவகமாகப் பாவிக்கும். வட்டு விளக்கு அணையாமல் எரியும். இது உறைவன்று, மூச்சுத்திணறல். 2019 ஆகஸ்டில் லினக்ஸ் கருநிரலை உருவாக்குவோரிடையே இதுபற்றிப் பெரிய விவாதம் நடந்தது. 2020இல் வந்த ஃபெடோரா 32 பதிப்பு, நினைவகம் தீருமுன்பே பெருந்தீனிச் செயலியை நிறுத்திவிடும் காவலாளி ஒருவனைச் சேர்த்துக்கொண்டது.

வன்னியின் வெயிலையும் தூசியையும் சொல்லாமல் விட முடியாது. மின்விசிறியில் படியும் புழுதி, காய்ந்துபோன வெப்பப் பசை, மாலையில் தாழும் மின்னழுத்தம், நாட்பட்ட மின்வழங்கி ஆகிய நான்கும் வரைகலை அட்டை முழுவலுவோடு எழும் அந்தக் கணத்திலே தம் குணத்தைக் காட்டும். பெட்டியைத் திறந்தால் எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் காணப்படுவது அதிசயமன்று. 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் அகப்பட்ட அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்களே, அவர்கள் வன்னிக்கு வந்திருந்தால் குறிப்பேடு போதாதிருக்கும்!

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாத பொறிகளும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட பே ட்ரெயில் வகைச் செயலிகள் மலிவான பொறிகள் பலவற்றில் இடம்பெற்றன. அவற்றில் லினக்ஸ் சிலவேளை சில நிமிடங்களிலும், சிலவேளை பல மணிநேரத்தின் பின்பும் உறைந்தது. நாட்குறிப்பிலே ஒரு வரியும் இராது. செயலி வேலையின்றி ஆழ்ந்து உறங்கும்போது விழிக்க மாட்டாமற்போவதே நோய் என்று, உலகெங்குமுள்ள பயனர்கள் பல ஆண்டுகள் கூடி ஆராய்ந்தே கண்டனர். ஆழ்ந்த உறக்கத்தைத் தடுக்கும் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்னும் ஒரு சொற்றொடரே தற்காலிக மருந்தாயிற்று. தொடக்கப் பட்டியலில் 'இ' எழுத்தைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் அதைச் சேர்த்து, எஃப் 10 விசையால் இயக்கலாம். அச்சேர்க்கை அந்த ஒரு தடவைக்கு மாத்திரமே. பயனில்லையேல் மறுமுறை தானே மறைந்துவிடும். வரைகலைச் சாரதியைச் சோதிக்க 'நோமோட்செட்' என்பதையும் இவ்வாறே சேர்த்துப் பார்க்கலாம்.

அதற்கும் மசியாவிடின் அறிந்தவரை நாடுவதே வழி. வவுனியா மன்னார் வீதியில், பம்பைமடுவிலே, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே கணினி பயிலும் பிள்ளை ஒருவர் உறவிலோ அயலிலோ அகப்படக்கூடும். போகும்போது வெறுங்கையோடு போகாமல், ஒரு தாளிலே செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, கருநிரலின் எண், நுழைந்து எத்தனை விநாடியில் உறைகின்றது, பென் ட்ரைவில் என்ன நடந்தது, புதுக் கணக்கில் என்ன நடந்தது என்பவற்றை எழுதிக்கொண்டு போக வேண்டும். பிரதிசெய்த வட்டு மாத்திரம் வீட்டிலேயே அலமாரியில் இருக்கட்டும்.