பொக்ஸ் கரகரக்கிறது: குறை எங்கே இருக்கிறது?

கல்முனையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மேடைகளுக்கு ஒலி அமைக்கும் வேலை செய்கிறேன். கோயில் திருவிழா, பெருநாள் நிகழ்ச்சி, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கல்யாண வீட்டு இசைக்குழு என்று எங்கே போனாலும் ஒரு கேள்வி வரும்: "காக்கா, பொக்ஸ் ஏன் கரகரக்குது?" கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார்: "பொக்ஸ் பழுது, மாத்தத்தான் வேணும்."

பெரும்பாலும் அந்தப் பதில் பிழை. நான் பார்த்த கரகரப்புகளில் அதிகமானவை பொக்ஸுக்கு வெளியேதான் இருந்தன. வயரில், பிளக்கில், மிக்சரில், மின்சாரத்தில். இன்று ஒரு சோடி நல்ல பொக்ஸ் வாங்குவதென்றால், வெளிநாட்டில் ஒருவர் உழைத்து அனுப்பிய காசோ, நாலு பொடியன்கள் சேர்ந்து எடுத்த கடனோ அதற்குள் போய்விடுகிறது. காரணம் தெரியாமல் மாற்றினால் காசும் போகும், கரகரப்பும் நிற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. 1990ஐயும் 2004 சுனாமியையும் 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் கேட்ட வெடிச்சத்தத்தையும் கண்ட கரை இது. மேடையிலிருந்து திடீரென "டமார்" என்று ஒரு சத்தம் வந்தால், பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ளும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். ஒலி அமைப்பவருக்கு அது சின்னக் குறை. கேட்பவருக்கு அப்படியல்ல.

பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்

இப்போது பாவிக்கும் பொக்ஸ்களில் அம்பிளிபயர் உள்ளேயே இருக்கிறது. ஆகவே பின்பக்கத்தில் இரண்டு வயர் போகிறது: ஒன்று மின்சாரம், மற்றது மிக்சரிலிருந்து வரும் ஒலி. தேடலை இங்கேதான் தொடங்க வேண்டும்.

பொக்ஸின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒலி வயரை மட்டும் கழற்றுங்கள். பிறகு சத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் பொக்ஸில் பெரும்பாலும் குறை இல்லை. மிக்சர் பக்கம் போய்த் தேடுங்கள். நிற்காவிட்டால் குறை பொக்ஸுக்குள் அல்லது மின்சாரத்தில்.

அடுத்தது இடம் மாற்றுவது. இடது பொக்ஸ் கரகரத்தால், இரண்டு பொக்ஸுக்கும் போகும் ஒலி வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுங்கள். கரகரப்பு வலது பக்கம் போனால் வயரிலோ மிக்சரிலோ குறை. இடதிலேயே நின்றால் அந்தப் பொக்ஸில் அல்லது அதற்கு மின்சாரம் எடுத்த இடத்தில் குறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் சத்தம் நின்றாலும் எது பழுதென்று தெரியாது. அடுத்த நிகழ்ச்சியில் அதே பழுது திரும்ப வரும்.

சத்தமே காரணம் சொல்லும்

வயரை அசைக்கும்போது மட்டும் கரகரத்தால் பிளக்கில் ஈயப்பற்று விட்டிருக்கும், அல்லது பிளக் அருகில் வயர் உள்ளே அறுந்திருக்கும். மிக்சரின் குமிழைத் திருப்பும்போது மட்டும் வந்தால் அதற்குள் தூசி.

சத்தம் கூட்டும்போது, பேஸ் அடிக்கும்போது மட்டும் உடைந்து வந்தால் இரண்டு காரணம் பாருங்கள். முதலாவது, பொக்ஸின் பின்னால் 'மைக்', 'லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மிக்சரிலிருந்து வருவது லைன் அளவு. சுவிட்ச் மைக்கில் நின்றால் அது அளவுக்கு மீறி, ஒலி அலையின் மேல்பகுதி வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் கரகரப்பாகக் கேட்கிறது. மிக்சரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தாலும் இதே கதை. பொக்ஸின் சத்தத்தைக் குறைத்து அது திருந்தாது, மிக்சரில்தான் குறைக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பீக்கர் சுருள் கருகியிருக்கலாம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, முன் வலையை எடுத்து, ஸ்பீக்கர் கடதாசியை இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் போய்விட்டது.

எந்த வயரும் கொடுக்காமலே கரகரத்து, சூடேறச் சூடேறக் கூடினால் அது உள்ளே இருக்கும் பலகையின் பழுது. பொக்ஸைத் திறக்க வேண்டாம். பல பொக்ஸ்களில் மின்சாரத்தைக் கழற்றிய பின்பும் உள்ளே இருக்கும் கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடம் கொடுங்கள்.

உப்புக்காற்று

கரையோர ஊர்களுக்கு உரிய பழுது இது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிளக்கின் உலோகத்தில் மெல்லிய படலம் பிடிக்கும், செம்புக் கம்பி பச்சையாகும். மாரி மழையில் இது கூடும். தொடுகை சரியில்லாத இடத்தில் ஒலி விட்டு விட்டு வரும். நமக்குக் கரகரப்பாகக் கேட்கும். மின் தொடுகைகளுக்கென்று விற்கும் கிளீனரை மின்சாரம் இல்லாத நேரம் அடித்து, பிளக்கைப் பத்துத் தடவை செருகிக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய் எதுவும் போட வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைக்கும். கடற்கரை நிகழ்ச்சி முடிந்ததும் பிளக்குகளை உலர்ந்த துணியால் துடைத்து, காய்ந்த பெட்டியில் வையுங்கள்.

மின்சாரம் போதுமா?

நமது மின்சாரம் 230 வோல்ட். மேடைக்கு 50 மீற்றர் தூரத்தில் உள்ள வீட்டிலிருந்து 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் இழுத்து, 10 அம்பியர் எடுத்தால், வழியிலேயே ஏறத்தாழ 25 வோல்ட் போய்விடும். அந்த வயர் 10 அம்பியருக்கு உரியதும் அல்ல. சுருட்டி வைத்தபடி பாவித்தால் உருகும். பின்னேரம் ஊரில் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் வோல்ட் முன்பே குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் பேஸ் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அம்பிளிபயர் மூச்சுத்திணறும். தடித்த வயரும் குறைந்த தூரமும்தான் மருந்து.

அலங்கார லைட்டையும் மின்விசிறியையும் ஒலியோடு ஒரே வயரில் கொடுக்க வேண்டாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டரில்தான் பல நிகழ்ச்சிகள் நடந்தன. சின்ன ஜெனரேட்டரில் லைட் போட்டு அணைக்கும்போதெல்லாம் வோல்ட் ஏறி இறங்கும். ஒலிக்குத் தனி ஜெனரேட்டர் வைத்தால் நல்லது.

ஏர்த்தை வெட்டாதீர்கள்

கரகரப்பு இல்லாமல் "ம்ம்ம்" என்று ஒரே சீரான இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் ஏர்த் சுற்று. மிக்சர் ஒரு வீட்டிலும் பொக்ஸ் இன்னொரு இடத்திலும் மின்சாரம் எடுத்தால், இரண்டு ஏர்த்துக்கும் இடையில் ஒலி வயர் வழியே மின்னோட்டம் போகும். அதுதான் இரைகிறது.

இதற்கு நமது ஊர்களில் ஒரு வைத்தியம் உண்டு: பிளக்கின் ஏர்த் வயரை வெட்டிவிடுவது. இரைச்சல் நின்றுவிடும். அதனால்தான் அது ஆபத்து.

யுத்த காலம் நமக்குச் சமாளிக்கக் கற்றுத்தந்தது. வடக்கில் பற்றரிக்குத் தடை இருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட். அதில் பிழை விட்டால் வானொலி பாடாது, அவ்வளவுதான். 230 வோல்ட்டில் பிழை விட்டால் ஆள் இல்லை. ஏர்த் இல்லாத மிக்சரில் உள்ளே ஒரு வயர் கழன்று உடலில் பட்டால், அந்த மின்சாரம் மைக் பிடித்திருக்கும் பாடகருக்கு வரும். 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக ஏர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ஈர மணலில் வெறுங்காலுடன் நிற்கும் நமது பாடகருக்கு ஆபத்து இன்னும் கூட.

சரியான வழி இலகுவானது. மிக்சருக்கும் எல்லாப் பொக்ஸுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுங்கள். மூன்று கம்பி உள்ள எக்ஸ்எல்ஆர் வயர் பாவியுங்கள். அதில் இரண்டு கம்பிகள் ஒரே ஒலியை எதிரெதிராகக் கொண்டுபோவதால், வழியில் ஏறும் இரைச்சல் முடிவில் ஒன்றையொன்று அழித்துவிடும். லெப்டொப், கீபோர்ட் இரைந்தால் டிஐ பொக்ஸ் வையுங்கள். அதில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் ஒலி வயரின் ஏர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சார ஏர்த்தைத் தொடாது. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் மேடை போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அந்த "டமார்"

இதற்குக் காசு செலவே இல்லை. தொடங்கும்போது மிக்சரை முதலில் போடுங்கள், பொக்ஸைக் கடைசியாகப் போடுங்கள். முடிக்கும்போது பொக்ஸை முதலில் அணையுங்கள், மிக்சரைக் கடைசியாக அணையுங்கள். வயரைச் செருகும் முன்னும் கழற்றும் முன்னும் அந்தச் சனலின் சத்தத்தை முழுதாகக் குறையுங்கள். திடீர் மின்வெட்டு வந்தால், மின்சாரம் திரும்பும் முன்னரே பொக்ஸ்களின் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

பாட்டுக் கேட்க வந்திருக்கும் சனத்துக்கு நடுவில், சத்தத்துக்கு இன்னும் பயப்படுகிறவர்களும் இருப்பார்கள். எந்தச் சுவிட்சை முதலில் போடுகிறோம் என்பதை அவர்களுக்காகவும் கவனிப்போம்.