கற்றுக்குட்டிகளுக்கு இடம் தராத பனிமலை

பனிச்சறுக்குத் தலம் நடத்துகிறவர்கள் முதலில் தேடுவது கற்றுக்குட்டிகளைத்தான். புதிதாக வருகிறவருக்குக் காலணியும் பலகையும் வாடகைக்குக் கொடுக்கலாம். ஆசிரியரை வைத்துப் பாடம் நடத்தலாம். பிள்ளைகளுக்கென்று தனிச்சரிவு ஒதுக்கலாம். இன்று விழுந்து விழுந்து பழகும் குடும்பம் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வாடிக்கையாளராகிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடகோடியில் இருக்கும் மவுண்ட் போஹீமியா என்ற மலை இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. "கற்றுக்குட்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று அங்கே வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறார்கள். செயற்கைப் பனியும் அங்கே கிடையாது. விழுந்த பனியை இயந்திரம் விட்டுச் சமப்படுத்தும் வேலையும் கிடையாது. வானம் கொடுத்தது கொடுத்தபடி கிடக்கும். அதில் சறுக்கத் தெரிந்தவர் மட்டும் வந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

இப்படி ஒரு தொழில் எப்படி நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள, முதலில் சாதாரணப் பனிச்சறுக்கு மலையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மற்ற மலைகளில் மாலை வேளையில் கூட்டம் இறங்கியபின், சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டிகள் சரிவில் ஏறும். முன்னால் உள்ள தகடு மேட்டைத் தள்ளிப் பள்ளத்தை நிரப்பும். பின்னால் சுழலும் பற்கள் இறுகிய பனியை உடைத்துப் பொடியாக்கி, தலை வாரியதுபோல் கோடு கோடாகச் சீவிவிடும். விடியும்போது சரிவு முழுவதும் ஒரே சீராக இருக்கும். இந்த வண்டி ஒன்றின் விலையே பல லட்சம் டாலர். இயற்கைப் பனி போதாத இடங்களில் குழாய் பதித்து, நீரை அழுத்தத்தோடு குளிர்காற்றில் பீய்ச்சிப் பனியாக்குகிறார்கள். அதற்கு நீரும் வேண்டும், மின்சாரமும் வேண்டும்.

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இந்தச் செலவு இல்லாமல் தொழில் இல்லை என்பதே பொதுவான நிலை. அங்குள்ள மலைகள் உயரம் குறைந்தவை. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே நூறு மீட்டர் இருந்தாலே பெரிது என்னும் குன்றுகள் ஏராளம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா 164 மீட்டர் உயரம் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். கொலராடோவின் வேல் மலையிலோ ஒரே இறக்கத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கலாம். அதோடு போட்டி போட முடியாத சிறு குன்றுகள், நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் கற்றுக்குட்டிகளையும் நம்பித்தான் பிழைக்கின்றன.

போஹீமியாவுக்கு அந்த வசதியும் இல்லை. அது இருப்பது கீவினா தீபகற்பத்தில். சுப்பீரியர் ஏரிக்குள் விரல்போல் நீண்டு கிடக்கும் நிலம் அது. டெட்ராய்ட்டிலிருந்து காரில் சென்றால் ஏறக்குறைய பத்து மணி நேரம். கோலாலம்பூர்–ஜோகூர்பாரு தூரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அருகில் உள்ள சற்றுப் பெரிய ஊரான ஹோட்டனிலிருந்தும் ஒரு மணி நேரம் காட்டுவழியே போக வேண்டும்.

ஒரு காலத்தில் கீவினாவில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இல்லை. 1840களில் அங்கே செம்பு தோண்டத் தொடங்கினார்கள். கலப்பில்லாத தனிச்செம்பு பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடைத்த அபூர்வமான பூமி அது. இங்கிலாந்தின் கார்ன்வால், பின்லாந்து, இத்தாலி, குரோவேஷியா என்று பல இடங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். கம்பெனி வீடு, கம்பெனி மருத்துவமனை, கம்பெனி கொடுத்த நூலகம் என்று வாழ்ந்தார்கள். 1960களின் இறுதியில் பெரிய சுரங்கக் கம்பெனி கதவை மூடியது. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். இன்று கீவினா மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் இரண்டாயிரம். மிச்சிகனிலேயே மிகக் குறைவு. போனவர்கள் போக, பின்லாந்துக்காரர்களின் சவுனா நீராவிக் குளியல் மட்டும் வீட்டுக்கு வீடு நின்றுவிட்டது.

செம்பு தீர்ந்தாலும், அந்த நிலத்துக்கு வேறொரு சொத்து மிஞ்சியது. அது பனி.

சுப்பீரியர், பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் நூறு மடங்குக்கும் மேல். குளிர்காலத்தில் கனடா பக்கமிருந்து வறண்ட கடுங்குளிர் காற்று வீசும். ஏரி நீரும் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் அந்தக் காற்றோடு ஒப்பிட்டால் அது வெந்நீர். நீரைக் கடந்து வரும் காற்று அடியிலிருந்து சூடேறி, ஈரத்தை உறிஞ்சி, மேலெழுந்து மேகமாகிறது. குறுக்கே நிற்கும் கீவினாவின் மலைமுதுகில் ஏறும்போது சுமையை இறக்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து கிளந்தானிலும் திரங்கானுவிலும் மழையைக் கொட்டுகிறதே, அதே வேலைதான். இங்கே வெள்ளம், அங்கே பனி.

தீபகற்பம் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் மேற்கு, வடமேற்கு, வடக்கு என்று எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் தப்புவதில்லை. ஏரி முழுதாக உறைவதும் அபூர்வம். ஆகவே குளிர்காலம் நெடுக இந்தக் கொடை தொடர்கிறது. 1978–79 குளிர்காலத்தில் கீவினாவில் 390.4 அங்குலம் பனி விழுந்ததாகப் பதிவு. ஏறத்தாழ பத்து மீட்டர்! அந்த அளவைக் காட்டும் உயரமான கம்பம் ஒன்று 41ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றும் நிற்கிறது. போஹீமியா நிர்வாகம் சொல்லும் ஆண்டுச் சராசரி 273 அங்குலம்; ஏறக்குறைய ஏழு மீட்டர்.

2000ஆம் ஆண்டில் இந்த மலையைத் திறந்தவர் லோனி கிளீபர்மேன். அதற்கு முன் கனடாவில் ஒட்டாவாவின் கனடிய ஃபுட்பால் குழு ஒன்றின் தலைவராக இருந்து, வெற்றியைவிடச் சர்ச்சையில் அதிகம் பேர் வாங்கியவர். இந்த இடத்தில் அவர் பார்வை சரியாகவே இருந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறக்கம் 900 அடி, அதாவது சுமார் 274 மீட்டர். மத்திய மேற்கில் இது மிக அதிகம். செங்குத்துச் சரிவு, பாறை விளிம்பு, அடர்ந்த மரங்கள் எல்லாம் உண்டு. இதைச் செதுக்கிச் சாதாரண மலையாக்கப் பணம் போதாது. செதுக்காமல் விட்டால், அந்த வட்டாரத்தில் வேறு எவரிடமும் இல்லாத சரக்கு.

இழுவை நாற்காலி வரிசை இரண்டே இரண்டு. பல வழிகள் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை; மலையின் மறுபக்கத்துச் சாலையோரம் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே பேருந்து வந்து, பலகையோடு நிற்பவர்களை ஏற்றித் திரும்பக் கொண்டுவருகிறது.

விலையில்தான் சூட்சுமம். ஒரு பருவம் முழுவதற்குமான சீட்டைப் பல ஆண்டுகள் 99 டாலருக்கு விற்றார்கள். பெரிய தலங்கள் சிலவற்றில் ஒரே ஒரு நாள் சறுக்க இதைவிட அதிகம் கேட்பார்கள். ஆனால் அந்த விலை குளிர்காலத் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டுமே. பனி விழுமுன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார் என்றாலும், மலிவுதானே என்று வாங்கி வைக்கிறார். பனி சீவும் வண்டிக்கும் பனி பீய்ச்சும் குழாய்க்கும் செலவில்லாததால்தான் அந்த விலை கட்டுப்படியாகிறது. முரட்டுத்தனமாகத் தோன்றும் கொள்கைக்குப் பின்னால் சிக்கனக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, சீவாத பனியில் சறுக்குவது எப்படி இருக்கும்?

சீவிய சரிவில் பலகையின் ஓரம் பனியைக் கடித்துப் பிடிக்கும். அடுத்த அடியில் என்ன இருக்கும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரியும். சீவாத பனியில் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. முழங்கால் ஆழப் பொடிப்பனி ஓரிடத்தில், காற்று இறுக்கிய ஓடு அடுத்த இடத்தில், பத்து பேர் போய்த் தேய்த்த மேடு அதற்கடுத்து. பொடிப்பனியில் பலகை படகுபோல் மிதக்க வேண்டும். அதனால் அகலமான பலகை வேண்டும். உடலைப் பின்னுக்குச் சாய்க்கத் தோன்றும். சாய்ந்தால் பிடி போய்விடும். இரண்டு பலகைக்கும் எடையைப் பகிர்ந்து, அவசரப்படாமல் திரும்ப வேண்டும்.

மரங்களுக்கு நடுவே இறங்குவது தனிக் கலை. அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம்: மரத்தைப் பார்க்காதே, இடைவெளியைப் பார். கண் எங்கே போகிறதோ உடல் அங்கே போகும். கைக்கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டக் கூடாது. கோல் கிளையில் சிக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். தலைக்கவசம் கட்டாயம் என்று நினைத்துக்கொள்வது நல்லது. தனியாகப் போகக் கூடாது. கூட வருபவர் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றிக் கிணறுபோல் ஒரு குழி மறைந்திருக்கும். அதில் தலைகீழாக விழுந்தால் சுற்றியுள்ள தளர்ந்த பனி சரிந்து மூடும். மூச்சுமுட்டிப் போவார்கள். தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகளில் பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியேற முடியவில்லை. அமெரிக்காவின் மேற்கு மலைகளில்தான் இந்த ஆபத்து அதிகம். போஹீமியாவில் மேப்பிள், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் நிறைய உள்ளதால், அங்கே பெரிய பயம் மரத்தில் மோதுவதும், பனி மெல்லியதாக உள்ள நாட்களில் மறைந்திருக்கும் பாறையும் அடிக்கட்டையும்தான்.

ஆனால் அமெரிக்காவில் பனிச்சறுக்கு மரணங்களை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது வேறு. பெரும்பாலும் உயிரிழப்பவர் நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஆண். இடம், நன்றாகச் சீவிய நடுத்தரச் சரிவு. காரணம், வேகம். வழவழப்பான பாதையில் கட்டுப்பாடு இழந்து, ஓரத்து மரத்தில் மோதுகிறார். கரடுமுரடான இடத்தில் பயம் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நேரான நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்து கொண்டை ஊசி வளைவில் நடப்பதில்லையே, அதுபோல. இதை வைத்துக் கொண்டு சீவாத மலை பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. அங்கே வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்கள் தேறியவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேறியவரா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க மலைகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம் என்ற குறியீடு 1968 முதல் வழக்கில் உள்ளது. ஆனால் அது அந்தந்த மலைக்குள் மட்டுமே ஒப்பீடு. ஒரு சிறு குன்றின் கறுப்பு வைரம் பெரிய மலையில் நீலச் சதுரமாகக்கூட இருக்கலாம். வீட்டுக்குப் பக்கத்துக் குன்றில் கறுப்பு வைரத்தில் இறங்கிப் பழகியவர், தாம் நிபுணர் என்று நம்பிப் பத்து மணி நேரம் ஓட்டி வருகிறார். போஹீமியாவில் பச்சை வட்டமே கிடையாது. இரட்டை வைரம், மூன்று வைரம் வரை போகிறது.

அந்த வகையில், வாசலிலேயே மறுப்பது நேர்மையான செயல். காசை வாங்கிக்கொண்டு காலை உடைப்பதைவிட இது மேல். என்றாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். போஹீமியாவுக்கு வருகிற ஒவ்வொருவரையும் வேறு எங்கோ ஒரு சிறு குன்று கைபிடித்துப் பழக்கியிருக்கிறது. சீவிய சரிவும் செயற்கைப் பனியும் பொறுமையான ஆசிரியரும் இருந்த குன்று அது. அந்தச் சிறு குன்றுகள் மூடப்பட்டால் போஹீமியாவுக்கும் ஆள் வராது.

சிறு குன்றுகளின் கவலையோ வெப்பம். 2023–24 குளிர்காலம் மத்திய மேற்கில் கடும் பனிப் பஞ்சம். விஸ்கான்சினில் ஆண்டுதோறும் 50 கிலோமீட்டர் காட்டுவழியில் நடக்கும் புகழ்பெற்ற பிர்க்கபைனர் நெடுந்தூரப் போட்டியை, இயந்திரப் பனி போட்ட 10 கிலோமீட்டர் வட்டத்தில் சுற்றிச் சுற்றித்தான் நடத்த முடிந்தது. இயந்திரம் வைத்திருந்தவர்கள் அப்படியாவது சமாளித்தார்கள். இயந்திரமே வேண்டாம் என்று முடிவெடுத்த மலைக்கு அப்படி ஒரு கைக்காவல் இல்லை. காற்று தேவையான அளவு குளிராவிட்டால், ஏரியிலிருந்து எழும் அதே ஈரம் கீவினாவிலும் மழையாகத்தான் இறங்கும்.

இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மலிவுச் சீட்டை ஆயிரக்கணக்கானோர் வாங்குகிறார்கள். பல ஆண்டுகளில் அந்த நாளில் மலை திறந்தே இருக்காது.