உழைக்கும் உடலும் மார்பகப் புற்றுநோயும்

தேகப் பயிற்சி உடலுக்கு நல்லது என்று சொல்லாத பெரியவர்கள் இல்லை. ஆனால், ஏன் நல்லது, எந்த அளவுக்கு நல்லது, அதனை எவ்வாறு கண்டறிந்தார்கள் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. மார்பகப் புற்றுநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கேள்விகளை மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் மாண்டனர்.

1985ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறிய 5,398 பெண்களைப் பற்றியது அது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கல்லூரி நாட்களில் விளையாட்டு வீராங்கனைகளாக இருந்தவர்கள். மற்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்ட அளவு, வீராங்கனைகளுக்குக் கண்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கியது.

பின்னர் 1994ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், 40 வயதுக்கு மேற்படாத 545 நோயாளிகளையும், நோயில்லாத 545 பெண்களையும் ஒப்பிட்டார்கள். பூப்பெய்திய நாள்முதல் வாரத்திற்குச் சராசரி 3.8 மணி நேரமேனும் பயிற்சி செய்துவந்தவர்களுக்கு, பயிற்சியே செய்யாதவர்களைவிட அபாயம் பாதிக்கும் குறைவாக இருந்தது.

"விளையாடியதால் நோய் வரவில்லையா? அல்லது, இயல்பாகவே நலமுள்ளவர்கள்தாம் விளையாடினார்களா?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி! இதற்கு விடை காண, உடலினுள் நிகழ்வதை நோக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் மார்பகத்தின் உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. மாதவிடாய் நின்ற பின்னர், உடலின் கொழுப்பே அதனை உண்டாக்கும் முக்கிய இடமாகிறது. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அவ்வயதை எய்திய 320 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஓராண்டு பயிற்சி செய்வித்தார்கள். 2010ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு, பயிற்சி செய்தவர்களின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததைக் காட்டியது. குலுக்கல் முறையில் பிரித்தமையால், இங்கே முன்பிருந்த நலம் காரணம் என்று சொல்ல இடமில்லை.

எனினும், உண்மையை மிகைப்படுத்துதல் தகாது. பல ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், மிகுதியாக உழைக்கும் பெண்களுக்கு அபாயம் ஏறக்குறைய 10 முதல் 20 சதவிகிதம்தான் குறைகிறது. பயிற்சி ஒரு துணையே தவிர, கவசமன்று. வயது, பரம்பரை முதலிய காரணங்கள் ஒருவர் விருப்பத்துக்குட்பட்டவை அல்ல. ஆகவே, நோயுற்ற பெண்மணி ஒருவரைப் பார்த்து, "நீ உடலை வருத்தி உழைக்காததால் வந்தது" என்று கூறுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும். நாள்தோறும் ஓடியாடுபவளாயினும், மார்பில் கட்டி தென்பட்டால் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர்க்குச் சராசரி நாளொன்றுக்கு 60 நிமிடமும், வயதுவந்தோர்க்கு வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும். விரைந்து நடப்பதும் சைக்கிள் விடுவதும் போதுமானவையே. ஆனால், நம் வீடுகளில் ஆண்பிள்ளை மைதானத்துக்குப் போகும் வேளையில் பெண்பிள்ளையை உள்ளே அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. உங்கள் தங்கையை அவ்வாறு அழைக்கும்போது, "அவளும் விளையாடட்டும்" என்று நீங்கள் எடுத்துச் சொல்வீர்களா?